எல்லா தும்மலும் சளி இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நாங்க காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு நடுவுல இருக்கோம், தை மாசி ஆனா போதும் என் பொண்ணுக்கு காலையில எந்திரிச்ச உடனே பத்து பதினஞ்சு தும்மல், மூக்குல தண்ணியா ஊத்தும், கண்ணு அரிச்சு செவந்துடும், நாங்களும் சளின்னு நெனச்சு மெடிக்கல்ல கேட்டு ரெண்டு வருஷமா ஆன்டிபயாட்டிக் வாங்கி குடுத்துட்டு இருந்தோம். இப்ப நெனச்சா மனசு கெடந்து அடிச்சுக்குது. சளியே வைரஸால வர்றது, அதுக்கே அந்த மாத்திரை கேக்காது, இவளுக்கு இருந்தது அலர்ஜி!

டாக்டர் சொல்லித்தான் வித்தியாசம் புரிஞ்சது. சளின்னா தொண்டை வலி, உடம்பு வலி, சில பேருக்கு காய்ச்சல்னு வந்து 7 லேர்ந்து 10 நாள்ல அடங்கிடும், வீட்ல அடுத்தவங்களுக்கும் ஒட்டும். அலர்ஜிக்கு காய்ச்சல் வராது, ஒட்டாது, ஆனா வாரக்கணக்குல இழுக்கும், முக்கியமா கண்ணும் மூக்கும் அரிக்கும், அந்த அரிப்பதான் முதல்ல பாக்கணும். சளி கெட்டியா மஞ்சளா வந்தா உடனே ஆன்டிபயாட்டிக்னும் இல்ல, சாதாரண சளியிலயும் அப்படி வருமாம். மூச்சு இழுத்தா, நெஞ்சுல விசில் மாதிரி சத்தம் கேட்டா மட்டும் தள்ளிப் போடாதீங்க.

மகரந்தம், வீட்டுத் தூசி, கிரானைட் தூள்னு மூக்க உறுத்த நம்ம ஊர்ல நெறைய இருக்கு. ரோட்டோரம் வெள்ளையா பூக்குற பார்த்தீனியமும் அலர்ஜிய கிளப்பும். எங்க பள்ளிக்கூட வழி முழுக்க அதுதான், பஞ்சாயத்துல பூ விடறதுக்கு முன்னாடியே அத வேரோட புடுங்கச் சொல்லுங்க, புடுங்குறவங்களுக்கு கையுறையும் மாஸ்க்கும் குடுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா, கிருஷ்ணகிரி மாவட்டம்