அத்தையின் வலது தோள்

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. அத்தை விழுந்துவிட்டார்.

மூன்று வாரமாகிறது. மூடுபனி இறங்குகிறதே என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனவர், பாசிப் படியில் வழுக்கி வலது தோள் அடிபட விழுந்தார். வயது 91. அன்றே கோவைக்கு இறங்கினோம். மேல்கை எலும்பு தோளை ஒட்டி உடைந்து சாய்ந்திருந்தது. முதலில் பார்த்த இடத்தில், “நாளைக்கே ஆபரேஷன், பிளேட் வைத்துவிடலாம்” என்றார்கள். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்தது நம் ஹாஸ்டல் வார்டன் மேல் வந்த அதே கோபம்.

இரண்டாவது டாக்டர் நாற்காலியை அத்தை பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பாட்டி, இந்தக் கையால என்னென்ன செய்வீங்க?” “சாப்பிடுவேன், தலை பின்னுவேன், விளக்கேத்துவேன்.” அப்புறம்தான் எங்களிடம் பேசினார். இங்கிலாந்தில் இப்படி எலும்பு விலகி உடைந்த 250 பேரை வைத்து ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்களாம். ஆபரேஷன் செய்தவர்களுக்கும் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஸ்லிங் மட்டும் போட்டவர்களுக்கும் இரண்டு வருஷத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அவர்களின் சராசரி வயது 66 என்றதும், அத்தைக்கு அது பொருந்துமா என்று கேட்டேன். வயது ஏற ஏற எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது, மயக்கமருந்தின் ஆபத்தும் கூடும் என்றார். மூட்டு கழன்றிருந்தாலோ ரத்தக்குழாய் அடிபட்டிருந்தாலோ வேறு மாதிரி முடிவெடுத்திருப்பாராம். ஸ்லிங் போட்டுக் கூட்டிவந்தோம்.

அதற்கப்புறம்தான் பேச்சு. தோளுக்கு மாவுக்கட்டு போட முடியாது என்றால் யார் கேட்கிறார்கள்? ஒருத்தர் புத்தூர்க் கட்டு என்கிறார். சென்னையிலிருந்து கொழுந்தன், “வயசாயிடுச்சுன்னு விட்டுட்டீங்களா அண்ணி?” என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

விட்டுவிடுவதா இது? படுத்தால் வலிக்கும் என்று சாய்வு நாற்காலியில், முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்க வைக்கிறேன். ஸ்வெட்டர் போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்கிறேன், கழற்றும்போது அதைத்தான் கடைசியில் எடுக்கிறேன். இந்த ஈரத்தில் அக்குள் புண்ணாகாமல் துடைத்து மெல்லிய துணி மடித்து வைக்கிறேன். ரத்தக்கட்டு முழங்கை வரை நீலமாக இறங்கி, பச்சையாகி, இப்போது மஞ்சளாகிவிட்டது. விரல்களையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் தோளோடு சேர்ந்து அவையும் இறுகிப்போகும்.

போன வாரம் ஊஞ்சல் பயிற்சி ஆரம்பித்தோம். மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தளரவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். முதல் நாள் அத்தை அழுதுவிட்டார், நானும்தான். இன்று காலை தானாகவே பத்து முறை ஆட்டிவிட்டு, “பின்னல் எப்போ போடலாம்?” என்று கேட்டார். தலைக்கு மேலே கை பழையபடி போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் அத்தையிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று நீயே சொல்லு.

எலும்பு மெலிந்துபோனதற்கும் மருந்து தொடங்கப்போகிறோம். அடுத்து விழுந்தால் இடுப்பாக இருக்கலாம் என்பதுதான் பயமே. படிக்குக் கைப்பிடி போட்டாயிற்று. உன் அம்மா வீட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடி போடு, தள்ளிப்போடாதே. நீ தள்ளிப்போடுவதில் கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாதா!

குழந்தைகளுக்கு அன்பு. வரும்போது முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு வாங்கி வா, அத்தைக்கு.

உன்,
சாந்தி