லைட் டியூட்டிக்கு ஓர் அரசாணை வேண்டும்: சுகாதாரத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். கண்காணிப்பாளர் வேலையில் பாதி, டியூட்டி லிஸ்ட் போடுவது. யாரை எந்த வார்டில் போடுவது, யார் நைட், யாருக்கு வார விடுமுறை என்று மாதக் கடைசியில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். இருந்தாலும் உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் இதைத் தீர்க்கும் கையெழுத்து உங்களுடையது.

இடுப்பு, தோள், நுரையீரல், மனசு என்று ஏதோ ஒன்று பழுதாகி மாதக்கணக்கில் விடுப்பில் போகும் நம் பணியாளர்கள், திரும்பி வரும் அன்று என்ன ஆகிறார்கள் என்பதுதான் விஷயம். அவர்களுக்குக் கொஞ்ச காலம் உடம்பு தாங்கும் வேலையை, அதாவது லைட் டியூட்டியை, எழுத்தில் கொடுக்கக் கேட்டுத்தான் இந்த மடல்.

வந்து நிற்பவரிடம் அலுவலகம் கேட்பது ஒரே ஒரு தாள், தகுதிச் சான்று. மருத்துவ விடுப்பில் போனவர் அது இல்லாமல் பணியில் சேரக் கூடாது என்பது அடிப்படை விதி 71. விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாளில் ஃபிட், அன்ஃபிட் என்று இரண்டே கட்சிதான். பார்த்த டாக்டர் மனசாட்சியோடு ‘மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, நைட் டியூட்டி வேண்டாம்’ என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் போச்சு. “ரெண்டுங்கெட்டானா எழுதினா நான் எப்படிம்மா ஜாயினிங் ரிப்போர்ட் வாங்குறது? ஃபிட்னு மட்டும் போட்டு வாங்கிட்டு வாங்க” என்று பிரிவு எழுத்தர் திருப்பி அனுப்புவார். அவர் மேல் தப்பில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சிஸ்டரும் டாக்டரிடம் ஓடி, அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சி, முழு ஃபிட் என்று வாங்கி வருவார். உடம்புக்கு எது ஆகாது என்ற தகவல் அந்த இடத்தோடு தொலைந்துபோகும்.

இடுப்புப் பக்க முதுகெலும்புத் தட்டில் (டிஸ்க்) அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு சிஸ்டரைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். வந்த வாரமே ஆண்கள் எலும்பு முறிவு வார்டில் நைட். தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தவரை ட்ராலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற நாலு பேராவது வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அங்கே இருந்தது இந்த சிஸ்டர், ஒரு பயிற்சி மாணவி, வராந்தாவில் படுத்திருந்த நோயாளியின் மச்சான். விரிப்பின் முனைகளைச் சுருட்டிப் பிடித்து, ‘ஒன்னு, ரெண்டு, மூணு’ சொல்லி இழுத்தார்கள். சிஸ்டர் இடுப்பு பெல்ட்டைச் சீருடைக்கு உள்ளே கட்டியிருந்தார். வெளியே தெரிந்தால், ‘முடியாதவங்க எதுக்கு வர்றாங்க’ என்று பேச்சு வருமாம். கொஞ்ச நாளிலேயே மறுபடி படுக்கை. இந்த முறை கணக்கில் மிச்சமிருந்தது ஊதியமில்லா விடுப்பு மட்டும்.

நோயாளியைக் கையால் தூக்குவதற்குப் பாதுகாப்பான எல்லை 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷ் 2007-லிருந்து சொல்லி வருகிறது. நம் வார்டில் ஒரு நோயாளியின் ஒரு கால், மாவுக்கட்டோடு சேர்த்தால், அதை நெருங்கிவிடும். நோயாளியைத் தூக்கும் ஹாய்ஸ்ட் எல்லா இடத்துக்கும் உடனே வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் நோயாளியைத் தூக்காமல் வழுக்கி நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பு? அது ஒரு துணி, ஐயா. அதற்குக்கூட இண்டென்ட், அதாவது பொருள் கேட்டுச் சீட்டு, போட்டால் ‘பட்டியலில் இல்லை’ என்று பதில் வரும்.

அடுத்தது விடுப்புக் கணக்கு. அரசுப் பணியில் பணியினால் வந்த இயலாமைக்கென்றே சிறப்பு இயலாமை விடுப்பு உண்டு, அடிப்படை விதி 83. ஓர் இயலாமைக்கு அதிகபட்சம் 24 மாதம் வரை. எத்தனை செவிலியர் இதை வாங்கியிருக்கிறார்கள் என்று ஒரு மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள். இப்படியொரு விடுப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களாலும் வாங்க முடியாது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் இயலாமை வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. வன்முறையில் அடிபட்டவருக்கும், மாடிப்படியில் வழுக்கி விழுந்தவருக்கும் தேதி இருக்கிறது. பதினைந்து வருஷம் ஆட்களைப் புரட்டிப் புரட்டித் தேய்ந்த முதுகுக்கு எந்தத் தேதியை எழுதுவது? ஆகவே அவர் ஈட்டிய விடுப்பைக் கரைப்பார், பிறகு மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பைக் கரைப்பார், கடைசியில் சம்பளமில்லாமல் வீட்டில் இருப்பார். வேலை கொடுத்த நோய்க்குத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து விடுப்பு எடுக்கிறார்.

நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் எழுத நம்மிடம் பதிவேடு இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எழுத வைத்தோம், பழக்கமாயிற்று. அதே பதிவேட்டில் ‘தூக்கும்போது பிடித்துக்கொண்டது’ என்று எழுத ஒரு பத்தி சேர்த்தால் முதுகுக்கும் தேதி கிடைத்துவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20(4) தெளிவாகச் சொல்கிறது: பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலை பார்க்க முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 47-ஆம் பிரிவாக இருந்தது இதுதான். பணியில் இருக்கும்போது ஒரு காலை இழந்த குணால் சிங் என்ற காவலர் வழக்கில், ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் இந்தச் சட்டத்தை நம் அலுவலகங்கள் கையில் எடுப்பது எப்போது? கால் போன பிறகு, பார்வை போன பிறகு, 40 சதவீதச் சான்று வந்த பிறகு. ஆறு மாதம் குனியக் கூடாதவரும், காசநோய் மருந்து தொடங்கித் தேறி வருபவரும், கீமோதெரபிக்கு நடுவே வேலைக்கு வர ஆசைப்படுபவரும் அந்த வாசலுக்கு இப்பாலேயே நிற்கிறார்கள். இவர்களில் பாதிப் பேரை ஒழுங்காகக் கவனித்தால் 20(4) பக்கமே போக வேண்டியிருக்காது.

‘லைட் டியூட்டி கொடுக்கத்தானே செய்கிறோம்’ என்று கண்காணிப்பாளர்கள் யாராவது சொல்லலாம். கொடுக்கிறோம்தான். யாருக்கு? இன்சார்ஜ் சிஸ்டருக்குப் பிடித்தவருக்கு, சங்கத்தில் ஆள் இருப்பவருக்கு, நிலைய மருத்துவ அலுவலரின் சொந்த ஊர்க்காரருக்கு. எழுத்தில் எதுவும் கிடையாது. இன்சார்ஜ் மாறினால் லைட் டியூட்டியும் போய்விடும். வாங்கியவருக்குக் கூச்சம், வாங்காதவருக்கு எரிச்சல்.

அந்த எரிச்சலைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் வேர் அங்கேதான் இருக்கிறது. நான் லிஸ்ட் போடும்போது ஒருவர் லைட் டியூட்டி என்றால் அவருடைய நைட் இன்னொருத்தர் தலையில் விழும். அந்த இன்னொருத்தருக்கும் இடுப்பு வலிதான், அவர் இன்னும் டாக்டரிடம் போகவில்லை, அவ்வளவே. இந்திய நர்சிங் கவுன்சில் நெறிமுறைப்படி கற்பித்தல் மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு 1. அதற்கு மேல் 30 சதவீதம் விடுப்பு ரிசர்வ். அந்த 30 சதவீதம் எதற்கு? ஆட்களுக்கு உடம்புக்கு வரும், பிள்ளை பிறக்கும், விடுப்பு எடுப்பார்கள் என்று முன்கூட்டியே எண்ணித்தான். என் காலத்தில் ரிசர்வ் என்று ஒருவரை நான் பார்த்ததில்லை. இருக்கிற எல்லோரும் லிஸ்ட்டில் இருப்பார்கள். அதனால் நோயில் படுத்தவர் மேல் வர வேண்டிய பரிதாபம், கோபமாக வருகிறது. ‘அவ பாட்டுக்குப் படுத்துக்கிட்டா, நாங்க சாகுறோம்’ என்று சொன்ன சிஸ்டர் கெட்டவர் அல்ல. அவர் தொடர்ந்து ஏழாவது நைட்டில் இருந்தார். அந்தக் கோபத்தை உண்டாக்கியது காலிப் பணியிடம்.

மனநலம் பற்றி ஒரு பத்தி மட்டும். மன நோயும் 2016 சட்டத்தின் 21 வகை இயலாமைகளில் ஒன்று. ஆனால் நம் மருத்துவமனைகளுக்குள்ளேயே, ‘மனநல டாக்டர் சீட்டு வேண்டாம்மா, பேர் கெட்டுப்போகும், ஜெனரல் மெடிசின்ல வாங்கிக்கோ’ என்றுதான் மூத்த சிஸ்டர்களே அறிவுரை சொல்வோம். அடுத்த கட்டிடத்தில் மனநலப் பிரிவை வைத்துக்கொண்டு ‘டைபாய்டு’ என்று விடுப்பு எடுக்கும் செவிலியர் திரும்பி வரும்போது அவருக்கு எந்த மாதிரி டியூட்டி ஆகும் என்று யார் யோசிப்பது?

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் கதை வேறு. இவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. சாதாரண நோய் என்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம். வேலையில் ஏற்பட்ட காயத்தால் தற்காலிக இயலாமை என்றால் 90 சதவீதம், அதற்கு 91 நாள் எல்லையும் இல்லை. இந்த இருபது சதவீத வித்தியாசம் எங்கே போகிறது தெரியுமா? ‘வீட்டில் விழுந்துட்டேன்னு சொல்லு’ என்று சூப்பர்வைசர் சொல்லும் ஒரு வாக்கியத்தில் போகிறது. விபத்து அறிக்கை போனால் ஒப்பந்ததாரருக்குத் தொல்லையாம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்ப் பலனோ இயலாமைப் பலனோ பெறும் காலத்தில் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்றது. நேராக எடுப்பதில்லைதான். அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இருக்காது. சம்பளம் தருவது ஒப்பந்ததாரராக இருக்கலாம், வழுக்கியது நம் வார்டுத் தரையில். டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் இதைத் தடுக்கலாம்.

வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம். நம் பிள்ளைகள் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறார்களே, அங்கே 2010 ஏப்ரலிலிருந்து மருத்துவச் சான்றுத் தாளில் நடுவே ஒரு கட்டம் இருக்கிறது. ‘கீழ்க்கண்ட ஏற்பாடுகள் செய்தால் வேலைக்கு வரலாம்.’ அதற்குக் கீழே நான்கு: படிப்படியாகத் திரும்புதல், வேலை நேர மாற்றம், வேலையின் தன்மையில் மாற்றம், பணியிடத்தில் வசதி. டாக்டர் டிக் அடித்து இரண்டு வரி எழுதுகிறார். அது ஆலோசனைதான், முதலாளி ஏற்கமுடியாது என்றும் சொல்லலாம். சொன்னால் ஊழியர் தகுதியற்றவராகவே கருதப்பட்டு விடுப்பில் தொடர்வார். அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் ஓடவில்லை, அங்கிருப்பவர்கள் புலம்புவதையும் கேட்கிறேன். ஆனால் பேச ஆரம்பிக்க ஒரு தாள் இருக்கிறது.

நான் கேட்பதும் அந்த அளவுக்குத்தான். தகுதிச் சான்றுப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் சேர்த்து, அதில் எழுதியதை வைத்துப் பணியேற்பை மறுக்கக் கூடாது என்று ஓர் அரசாணை. அந்தச் சான்றோடு வருபவருக்கு முதல் மூன்று மாதத்துக்கான வேலையை, கண்காணிப்பாளரும் நிலைய மருத்துவ அலுவலரும் அவரையும் உட்கார வைத்து எழுத்தில் முடிவு செய்ய வேண்டும், மாதம் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். என்ன நோய் என்பது அந்தத் தாளில் தேவையில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது போதும்.

வேலைக்கா பஞ்சம்? தொற்றுக் கட்டுப்பாட்டுக் கணக்கு எழுத ஆளில்லை. தரச் சான்று ஆய்வு வருகிறதென்றால் கோப்புகளுக்கு உட்கார ஆள் தேடுகிறோம். தொற்றா நோய்ப் பிரிவில் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடச் சொல்லிக் கொடுக்கப் பொறுமையான ஒரு சிஸ்டர் கிடைத்தால் டாக்டர்கள் கும்பிடுவார்கள். காப்பீட்டுத் திட்ட மேசை, தடுப்பூசி அறை, மருந்து இண்டென்ட், கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவின் கணக்கு என்று இருபது வருஷ அனுபவமுள்ள செவிலியர் உட்கார்ந்தபடி செய்யக்கூடியது எவ்வளவோ. இப்போது இவற்றையெல்லாம் வார்டு சிஸ்டர்கள் மருந்து கொடுக்கும் நேரத்தைத் திருடித்தான் செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். அப்படி வருபவரை அந்த மூன்று மாதமும் வார்டின் ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். ரிசர்வில் வைத்து, அவர் இடத்துக்கு ஆள் கொடுங்கள். இது இல்லாமல் மற்ற அரசாணையெல்லாம் போட்டால், நான் மேலே சொன்ன கோபம்தான் கூடும், உங்கள் ஆணையும் சுற்றறிக்கைக் கோப்பில் சேர்ந்துவிடும். முதலில் ஒரே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் செய்து பாருங்கள். ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், அதில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்று எண்ணுங்கள். இப்போது அந்த எண்ணிக்கையை யாரும் வைத்திருப்பதில்லை.

ஆணை வரும்போது தொகுப்பூதியச் செவிலியர்களையும் அதில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ‘நிரந்தரப் பணியாளர்களுக்கு’ என்ற சொல் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், நைட் பார்க்கிறவர்களில் பெரும் பகுதிக்கு இந்தத் தாள் போய்ச் சேராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர்