பெண்ணையாற்றுக்கு இக்கரையிலிருந்து

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்பு மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். போன வாரம் போனில் நான் "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். நீ "ரொட்டியா? இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் உன் தங்கச்சியும் கேட்டுவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சிரித்தாள். முப்பது வருஷம் தீயணைப்பு வண்டியின் சைரனுக்குக் கீழே உட்கார்ந்த காது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகன் வாங்கித் தந்த மெஷினை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறாயாமே, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். அதுவரை முக்கியமான சங்கதியெல்லாம் உனக்குக் கடிதத்தில்தான் வரும்.

தானே புயலில் விழுந்த பலா நின்ற இடத்தில் ஒரு பண்ருட்டி ஒட்டு வைத்தேனே, இந்த வருஷம் ஏழு காய் பிடித்திருக்கிறது. பேரன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. போன மாதம் கடலோர ஊர் ஒன்றில் புயல் ஒத்திகை நடந்தது. பழைய வயர்லெஸ்காரன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தலில் ஏழெட்டுத் துறை ஆட்கள். போலீஸ் கையில் ஒரு செட், தீயணைப்பு கையில் வேறொரு செட், மீதிப் பேர் கையில் செல்போன். ஒரு இளவட்டம் என்னிடம் வந்து, "சார், இப்ப எதுக்கு சார் இந்த மைக்கெல்லாம்? எல்லாத் துறையும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் இருக்கே" என்றான். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டான். "தம்பி, அந்த குரூப் எந்த டவர்ல இருக்கு?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் உனக்கு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

2011 டிசம்பர் 30 காலையை நீயும் மறந்திருக்க மாட்டாய். தானே புயல் உன் புதுச்சேரிக்கும் என் கடலூருக்கும் நடுவில் கரையேறிய காலை. அன்றைக்கு நான் டியூட்டியில் இருந்தேன். ஏரியல் கம்பம் வளைந்து தலைகுப்புறத் தொங்கியது. பேச்சை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் போய்விட்டது. கரண்ட் அதற்கு முன்பே போயிருந்தது. மத்தியானத்துக்குள் செல்போன் டவர்களும் ஒவ்வொன்றாக அவிந்தன. டவரில் இருக்கும் பெட்டி பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் வேண்டும், டீசல் கொண்டு வரும் வண்டிக்கு ரோடு வேண்டும், ரோட்டிலோ முந்திரியும் பலாவும் படுத்திருந்தன. ஜீப் பேட்டரியில் ஒரு செட்டை மாட்டி, ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசினோம். நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. நம் ஊர் தட்டையான ஊர். கேப்பர் மலையை மலை என்று சொன்னால் செஞ்சிக்காரன் சிரிப்பான். ஆனால் அந்த நாலு கிலோமீட்டர்தான் அன்று எங்களுக்கு ராஜ்ஜியம்.

சரி, அது செட் செத்துப்போன கதை. செட் உயிரோடு இருந்தும் பேச முடியாமல் போன கதை உனக்கும் எனக்கும் ஒன்று உண்டே. பெண்ணையாற்று வெள்ளம். ஊர் பேர் வேண்டாம், அந்தக் கிழவியின் பேரன்கள் இன்றைக்கும் நம்மைக் கிண்டல் செய்வார்கள். நான் இக்கரையில், நீ படகோடு அக்கரையில். கண்ணுக்குக் கண் தெரிகிறது, நீ கை ஆட்டுகிறாய். என் செட் ஒரு அலைவரிசை, உன் செட் வேறு அலைவரிசை. நீ வேறு மாநிலம், நான் வேறு மாநிலம். நான் மைக்கில் எங்கள் கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன். அங்கிருந்து போனில் மேலிடத்துக்கு. மேலிடத்திலிருந்து உங்கள் பக்கத்துக்குப் போன். அங்கிருந்து உன் செட்டுக்கு. நான் சொன்னது "மேட்டுத்தெரு". உன் காதில் விழுந்தது "மேலத்தெரு". அப்போது உன் காது நன்றாகத்தான் இருந்தது! நாலு வாய் மாறினால் தெருவும் மாறும். நீ மேலத்தெருவில் காலி வீடுகளைச் சுற்றிக்கொண்டிருந்தாய். கிழவி இரண்டு மணி நேரம் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு ஓட்டு வீட்டு முகட்டில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு பையன் பாலத்தைச் சுற்றி டிவிஎஸ்-50-ல் வந்து உன்னிடம் சொன்னான். நாம் இருவரும் சேர்ந்து வாங்கியிருந்த லட்சக்கணக்கான ரூபாய் சாமானை அன்று ஜெயித்தது அந்த டிவிஎஸ்-50.

"அப்படியானால் எல்லாரையும் ஒரே சேனலில் போட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்பாய். ஒத்திகையில் அதையும் செய்து பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் சந்தைக்கடை. ஒரே நேரத்தில் இருவர் பட்டனை அமுக்கினால் பலமான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். இரண்டும் சமபலமாக இருந்தால் வெறும் இரைச்சல். தனித்தனியாக இருந்தால் யாருக்கும் யாரும் கேட்கவில்லை, ஒன்றாகப் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை.

இதற்கு உலகத்தில் கண்டுபிடித்த வழியை விளக்க எனக்கு உன் பாகூர் ஏரிதான் கைகொடுக்கிறது. ஆளுக்கொரு கிணறு என்றால் ஒருவன் கிணறு வற்றிக் கிடக்கும், பக்கத்துக்காரன் கிணற்றில் தண்ணீர் சும்மா நிற்கும். ஏரி என்றால் தண்ணீர் பொது. நீர்க்கட்டி ஒருவர் இருந்து, எந்த மடை எப்போது திறக்கலாம் என்று முறை வைப்பார். டிரங்கிங் ரேடியோ அதேதான். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லோருடைய அலைவரிசைகளும் ஒரே ஏரி. நீர்க்கட்டி வேலையைக் கட்டுப்பாட்டுச் சேனல் என்று ஒன்று பார்க்கும். நீ பட்டனை அமுக்கினால் அது காலியாக இருக்கும் ஒரு அலைவரிசையை உன் குழுவுக்குத் தரும், பேசி முடித்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும். தீயணைப்பு ஒரு பேச்சுக் குழு, போலீஸ் ஒரு பேச்சுக் குழு. ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாது. வெள்ளம் வந்தால் மட்டும் "பெண்ணையாறு" என்று ஒரு பொதுக் குழுவுக்கு இரு தரப்பும் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம். செட்டின் தலையில் ஒரு அவசரப் பட்டன் இருக்கும். ஆபத்தில் இருப்பவன் அதை அமுக்கினால் வரிசையில் எல்லோருக்கும் முன்னால் அவனுக்கு வழி. ஐரோப்பாக்காரர்களின் டெட்ரா முறையில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் நாலு பேச்சு ஓடுகிறது. நம் பழைய செட் அதே அகலத்தில் ஒன்றைத்தான் ஓட்டியது. அமெரிக்காவில் இதற்குப் பி-25 என்று தனி முறை. டவரே விழுந்தாலும் டெட்ரா செட்டுகள் தானே நேருக்கு நேர் பேசிக்கொள்ளும், தானே புயல் அன்று நாங்கள் செய்தது மாதிரி. செல்போனால் அது ஆகாது. வாட்ஸ்அப் தம்பிக்கு என் முழுப் பதிலும் இதுதான்.

ஆனால் சாமான் வாங்கினால் மட்டும் தீராது மாப்ளே. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கட்டடத்தின் நிலையை மேலிருந்து பார்த்துப் போலீஸ் ரேடியோவில் எச்சரித்தார்கள். உள்ளே ஏறிக்கொண்டிருந்த உன் ஜாதிக்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், வேறு ரேடியோவில் இருந்தார்கள். தெற்குக் கோபுரம் விழுந்த 29 நிமிஷம் கழித்துத்தான் வடக்குக் கோபுரம் விழுந்தது. அந்த 29 நிமிஷத்தில் பக்கத்துக் கோபுரம் விழுந்ததே பலருக்குத் தெரியாது. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் போனார்கள். இரண்டு துறைக்கும் பணத்துக்கா பஞ்சம்?

இன்னொன்று கேள், இது நம் ஊர் கதை மாதிரியே இருக்கும். நார்வேயில் 2011-ல், நமக்குத் தானே வந்த அதே வருஷம் ஜூலையில், ஊட்டோயா என்ற தீவில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்ததில் 69 பேர் செத்தார்கள். ஓஸ்லோ போலீஸுக்குப் புதுப் பொது ரேடியோ வந்திருந்தது. தீவு இருந்த பக்கத்து மாவட்டத்துக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் புதுசு, இந்தப் பக்கம் பழசு. நாடு முழுக்க ஒரே வலையாக முடிக்க 2015 ஆயிற்று. பின்லாந்துக்காரன் கெட்டிக்காரன், போலீஸ், தீயணைப்பு, எல்லைக் காவல் எல்லாரையும் சேர்த்து நாடு முழுக்க முதலில் கட்டியவன் அவன்தான்.

நம் நாட்டிலும் யோசிக்காமல் இல்லை. போலீஸ் வயர்லெஸ்ஸை ஒருங்கிணைக்க டெல்லியில் 1946-லேயே இயக்ககம் வைத்துவிட்டார்கள், சுதந்திரத்துக்கு முன்னால். பொதுப் பாதுகாப்புக்கென்று தனி வலையமைப்பு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் பரிந்துரை கொடுத்தது. பிரிட்டனில் பழைய டெட்ராவை எடுத்துவிட்டு செல்போன் டவர் வழியாகவே எல்லாவற்றையும் ஓட்டுவோம் என்று கிளம்பினார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போய்ப் பழையதே இன்னும் ஓடுகிறது. ஓடுகிற வண்டியை விற்றுவிட்டுப் புது வண்டிக்கு முன்பணம் கட்டுவது எனக்குப் பிடிக்காது. புதுசு நிலையாக நிற்கும்வரை பழசு பக்கத்திலேயே இருக்கட்டும்.

இதிலெல்லாம் நிலத்து ஆட்களைவிடக் கடல் ஆட்கள் புத்திசாலிகள். ஒரு காலத்தில் மார்க்கோனி கம்பெனி ஆபரேட்டர் வேறு கம்பெனி செட் வைத்த கப்பலுக்குப் பதில் சொல்ல மாட்டானாம்! 1906-ல் பெர்லினில் கூடி, யார் செட்டாக இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். இன்றைக்கு நம் துறைமுகத்து விசைப்படகில் இருக்கும் செட்டில் சேனல் 16-ஐப் பார். 156.8 மெகாஹெர்ட்ஸ். எந்த நாட்டுக் கப்பல் என்றாலும் அதில் கூப்பிட வேண்டும், பதில் வந்ததும் வேறு சேனலுக்கு ஒதுங்கிப் பேச வேண்டும். கூப்பிட ஒரு வாசல், பேசத் தனி அறை. கரையிலிருந்து தூரம் போனால் எட்டாது என்பது அதன் குறை. 2017-ல் ஒக்கி புயலில் கன்னியாகுமரிக்காரர்கள் பட்டது அதுதான். ஆனால் எட்டும் தூரத்தில் எவனும் "நீ எந்தத் துறை?" என்று கேட்பதில்லை.

ஃபெஞ்சல் புயல் வந்தபோது நான் ரிட்டயர்டு ஆள், டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஏறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. ரெண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் எங்களுக்கு வந்தது. அதே தண்ணீர் அக்கரையில் உன் சொந்தக்காரர்கள் இருக்கும் சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமும் புகுந்தது. வரைபடத்தில் புதுச்சேரியும் கடலூரும் கிழித்துப்போட்ட காகிதம் மாதிரி. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போனால் மாநிலம் மாறுகிறது, பெட்ரோல் விலை மாறுகிறது, கன்ட்ரோல் ரூமும் மாறுகிறது. தண்ணீருக்கு மட்டும் செக்போஸ்ட் கிடையாது.

ஆகவே எனக்குத் தோன்றுவது சின்ன விஷயம்தான். கோடிக்கணக்கில் வலையமைப்பு வரும்போது வரட்டும். அதற்குமுன் இரு கரைக்கும் பொதுவாக ஒரே ஒரு அலைவரிசைக்கு அனுமதி வாங்கி, இரு பக்கத்துச் செட்டுகளிலும் ஏற்றிவிட வேண்டும். அதில் கூப்பிடுவது சேனல் 16 மாதிரி. பேச்சு சாதாரணத் தமிழில். உன் துறைக் குறியீடு எனக்குத் தெரியாது, என்னுடையது உனக்குத் தெரியாது. கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்காவிலேயே பல துறை கூடும் இடத்தில் குறியீட்டை விட்டு நேர்ப்பேச்சுப் பேசச் சொன்னார்கள். ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொல்ல வேண்டும், கேட்டவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அது மட்டும் நமக்கு இருந்திருந்தால் மேட்டுத்தெரு மேட்டுத்தெருவாகவே இருந்திருக்கும். பிறகு மாதம் ஒரு தடவை, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று, ஐந்து நிமிஷம் பேசிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் தேடினால் செட்டின் பேட்டரி சத்தியமாகச் செத்திருக்கும். எத்தனை செட்டைத் திறந்து பார்த்தவன் நான்!

சேனல் பொது என்றதும் "யார் மேலே, யார் கீழே?" என்று சண்டை வரும், அது எனக்குத் தெரியும். ஏரியில் நீர்க்கட்டியை ஊரே சேர்ந்து வைத்தது மாதிரி இதற்கும் இரு தரப்பும் சேர்ந்து ஒரு ஆளை வைக்க வேண்டும். அதுதான் இதில் கஷ்டமான பாகம், சாலிடரிங் எல்லாம் சுலபம். இதை ஒரு மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இக்கரை அனுபவம் என்னிடம் இருக்கிறது, அக்கரை அனுபவத்துக்கு நீ வேண்டும். எந்த வெள்ளத்தில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போனாய் என்று ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தாயே, அதைத் தேடி எடுத்து வை. மேலத்தெரு பக்கத்தைக் கிழித்திருந்தால் பரவாயில்லை, எனக்கு மனப்பாடம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். அரியாங்குப்பத்தில் இறங்குகிறேன். ஒரு பலாக்காய் கொண்டு வருகிறேன், பேரனிடம் எந்தப் பெயருக்கு உரியது என்று கேட்டுத்தான் அறுக்க வேண்டும். போன் பண்ண மாட்டேன். ஸ்டாப்பில் நில்.

உன் மச்சான்