நட்சத்திர மீன் ஷோகேஸ் பொருள் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டு அலங்காரப் பக்கத்துல கடல் மீன் தொட்டி பத்தி எழுதியிருந்தீங்க. அதுல நட்சத்திர மீனுக்கு நாலே வரி, மீனை விட சுலபம், பராமரிப்பே வேண்டாம், ஹாலுக்கு கலர் குடுக்கும்னு. பக்கத்துல ஒரு சின்னப் பையன் அதைத் தண்ணிக்கு வெளிய எடுத்து உள்ளங்கையில வச்சு சிரிக்கிற போட்டோ. அதைப் பார்த்ததுலேர்ந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

நான் பெரம்பூர்ல இருக்கேன், ஏழு வருஷமா மெரைன் டேங்க் வச்சிருக்கேன். முதல்ல வாங்கினது நீல நட்சத்திர மீன், லிங்கியானு சொல்வாங்க. டேங்க் போட்டு ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. கப்பி, மோலி மாதிரி நல்ல தண்ணி மீனுக்கெல்லாம் செய்யற மாதிரி அது இருந்த கவரை தண்ணி மேல கால் மணி நேரம் மிதக்க விட்டு அப்படியே உள்ள விட்டுட்டேன், கடைக்காரரும் அப்படித்தான் சொன்னாரு. மூணாவது வாரம் ஒரு கையோட நுனி வெளுத்து கரைய ஆரம்பிச்சுது, மறுநாள் நடு உடம்பு குழி விழுந்து தொளதொளனு ஆயிடுச்சு, அதுக்கு மறுநாள் வெறும் கூழ். என் பொண்ணு அப்ப மூணாங்கிளாஸ், ஏம்ப்பா உருகுதுனு கேட்டா, எனக்கு பதில் தெரியல.

பதில் தேடித்தான் எல்லாம் கத்துக்கிட்டேன். நட்சத்திர மீனுக்கு நம்மள மாதிரி ரத்தம் கிடையாது சார். உடம்பு மேல நடுவுல இருந்து கொஞ்சம் தள்ளி வெள்ளையா ஒரு சின்னப் பொட்டு இருக்கும், உள்ள ஓடற குழாய்களுக்கு கடல் தண்ணி போற வழி அதுதான், அந்தத் தண்ணி அழுத்தத்துலதான் அடியில இருக்கிற நூத்துக்கணக்கான குட்டிக் கால்கள் நகருது. அதாவது நாம தொட்டியில என்ன தண்ணி வச்சிருக்கோமோ அதுதான் அது உடம்புக்குள்ளயும் இருக்கு. உப்பு அளவு திடீர்னு மாறினா அதால சமாளிக்க முடியாது. அப்புறமா அந்தக் கடைத் தண்ணியைக் கொஞ்சம் வாங்கிட்டு வந்து உப்பு அளவு பார்க்கற ரிஃப்ராக்டோமீட்டர்ல பார்த்தேன், 1.020, என் டேங்க் 1.025. கவரை மிதக்க விட்டா உப்பு கலக்காது, உள்ள விட்ட நிமிஷத்துல ஒரேயடியா அவ்வளவு மாத்தம். ஏர் டியூப்ல முடிச்சு போட்டு டேங்க் தண்ணியை சொட்டு சொட்டா மூணு நாலு மணி நேரம் கவர் தண்ணியில கலந்திருக்கணும், வெளிக்காத்து படாம தண்ணியோடயே மாத்தியிருக்கணும்.

அதை விடப் பெரிய விஷயம் பசி. லிங்கியா பாறை மேல படியற பாசிப் படலம், நுண்ணுயிர் இதையெல்லாம் மேயற ஜீவன், நாம இறால் துண்டு போட்டா பெரும்பாலும் தொடாது. புது டேங்க்ல அந்தப் படலமே இருக்காது. அதனால ஒட்டிக்கிட்டு நகர்ந்துக்கிட்டு நல்லாத்தான் இருக்குனு நமக்குத் தோணும், உள்ள மாசக்கணக்குல பட்டினி கிடந்து சாகும். மண்ணுக்குள்ள புதைஞ்சு திரியற சாண்ட் ஸ்டார்னு விக்கிறாங்களே அதுவும் அப்படித்தான், சின்ன டேங்க்ல மண்ணுல இருக்கிற பூச்சியெல்லாம் தின்னு தீர்ந்ததும் அதுக்கு வேற சாப்பாடு இல்ல. பராமரிப்பே வேண்டாம்னு எழுதறது இதனாலதான் எனக்கு இவ்வளவு வருத்தமா இருக்கு, மீன் பசிச்சா கண்ணாடிக்கிட்ட ஓடி வரும், இது சத்தமில்லாம சாகும்.

ரெண்டு வருஷம் கழிச்சுதான் அடுத்தது வாங்கினேன், ரெட் நாப், சாம்பல் உடம்புல செக்கச்செவேல்னு முடிச்சு முடிச்சா இருக்கும், நம்ம மன்னார் வளைகுடாவுலயே இருக்கிற வகை. கடையில என் கண் முன்னாடி சாப்பிடுதானு பார்த்துட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். வாரத்துக்கு மூணு தடவை நகம் அளவு பச்சை இறாலோ மட்டிச் சதையோ அது உடம்புக்கு அடியில வைப்பேன். வயித்தையே வாய் வழியா வெளிய தள்ளி சாப்பாட்டை மூடிக்கும், கண்ணாடி மேல இருக்கும்போது அதைப் பார்க்கறது இன்னிக்கும் எனக்கு அதிசயம்தான். ஆனா இது பவளம், சிப்பி, ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் தின்னுடும், ஒரு அடி அகலம் வரைக்கும் வளரும், அதனால என்னோட நாலடி டேங்க்ல அதுவும் ரெண்டு மூணு மீனும் மட்டும்தான்.

சென்னை வெயில் வேற. ஏப்ரல், மே மாசம் தண்ணி 32 டிகிரிக்குப் போயிடும், அதுக்கு 25, 26தான் நல்லது. ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும், ஆனா தண்ணி ஆவியாகும், உப்பு அப்படியே நிக்கும், குறைஞ்ச அளவுக்கு தினமும் ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். கடைசியில நான் தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் மெஷின் வாங்கிட்டேன், டேங்க்கை விட அதுக்குத்தான் செலவு அதிகம். அப்புறம் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தா காப்பர் மருந்து ஊத்துவாங்க பாருங்க, நட்சத்திர மீன் இருக்கிற தொட்டியில அது விஷம். என் சித்தப்பா பையன் அப்படித்தான் ரெண்டை இழந்தான்.

ராமேஸ்வரம், தூத்துக்குடி போறவங்க வலையில சிக்கினதை ஒரு கேன்ல போட்டு கொண்டு வந்துடலாமானு என்கிட்ட கேக்கறாங்க. வேண்டாங்க, கரை வந்து சேரவே அது வெயில்லயும் காத்துலயும் பாதி செத்திருக்கும். தூத்துக்குடியிலேர்ந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருக்கிற 21 தீவும் 1986லேர்ந்து தேசியப் பூங்கா, அங்க எதையும் எடுக்கக் கூடாது. டேங்க் அழகுக்குனு பவளத்தைக் கையில எடுத்தாலே வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

ஆசையா வளர்க்கறவங்களை நான் தடுக்கல, நானும் அவங்கள்ல ஒருத்தன். குறைஞ்சது ஒரு வருஷம் ஓடின டேங்க் வேணும், நட்சத்திர மீன் என்ன சாப்பிடும், எவ்வளவு பெருசாகும், இந்த மூணையும் அதே பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க. இடம் இல்லனா பரவாயில்ல, என் கடிதத்தைக் கூட போட வேண்டாம். அந்தப் பையன் கையில வச்சிருக்கிற போட்டோவை மட்டும் தயவுசெஞ்சு மறுபடி போடாதீங்க சார், பார்க்கற குழந்தைங்க அதையேதான் செய்யும்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகர், சென்னை