விடியும் முன் முந்தலில் வந்து நில்லுங்கள்: போடிமெட்டு சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா,

போடிமெட்டு மலைச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் நெடுஞ்சாலை அலுவலர்களுக்கும், தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் போடிநாயக்கனூர்க்காரி. என் அம்மா இருபத்தாறு வருடம் மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்தவர். எங்கள் ஊரில் "மலைக்குப் போறாங்க" என்றால் சுற்றுலா இல்லை, தோட்ட வேலை. வருடத்துக்கு இருநூறு நாள் என்று வைத்தாலும் அம்மா அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில், ஏறியதும் இறங்கியதும் சேர்த்து, பத்தாயிரம் தடவைக்கு மேல் போயிருக்கிறார். மலை உச்சியில் மாநில எல்லையான போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்துத் தோண்டிமலை, அங்கேதான் அவர் வேலை பார்த்த தோட்டம். அங்கிருந்து மூணாறு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் மூணாறைப் பார்த்ததில்லை.

இந்தச் சாலையை நீங்கள் வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். கொச்சியில் கிளம்பி மூவாற்றுப்புழை, கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, மூணாறு, தேவிகுளம், பூப்பாறை தாண்டி, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு வருகிறது. அங்கிருந்து சட்டென்று போடிப் பக்கத்து மலையடிவாரமான முந்தலுக்கு இறங்கிவிடும். மேற்கே அவ்வளவு நேரம் ஏறியதை கிழக்கே இருபது கிலோமீட்டரில் இறக்கிவிடும் மலை இது. அப்புறம் தேனி, உசிலம்பட்டி, மதுரை வழியாகத் தொண்டிக் கடற்கரை வரை பெரும்பாலும் சமவெளிதான். முன்பு இதற்கு எண் 49, இப்போது 85. எண் மாறினாலும் பெரியவர்கள் வாயில் இன்றும் கொச்சி – தனுஷ்கோடி ரோடுதான்.

இதன் கதையைத் தோண்டிப் பார்த்தால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. 1877இல் பூஞ்சாறு அரசரிடம் மன்றோ என்ற வெள்ளைக்காரர் மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். தோட்டங்கள் வந்தன, தேயிலை வந்தது. தேயிலையை மலையிலிருந்து இறக்க என்னென்ன செய்தார்கள் என்று கேட்டால் மலைத்துப் போவீர்கள். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி. 1908இல் அதையே இரண்டு அடி அகல ரயில் பாதையாக மாற்றி இன்ஜின் ஓட்டினார்கள். மூணாறிலிருந்து அந்த ரயில் போய் நின்ற கடைசி இடம்தான் இன்றைய டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி மலைச்சரிவுக்கு மேலே மிதந்து கோட்டகுடிக்கு வந்து சேரும். கோட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது.

தேயிலைப் பெட்டி அந்தரத்தில் மிதந்து இறங்கிய அதே காலத்தில், அந்தத் தேயிலையைப் பறிக்கப் போன எங்கள் பக்கத்துச் சனங்கள், ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் காட்டுப்பாதையில் நடந்துதான் ஏறினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டி பானையைத் தலையில் சுமந்துகொண்டு.

1924 ஜூலையில் பெய்த மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதை இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்கிறார்கள். குண்டளை ரயில் போனது, திரும்ப வரவே இல்லை. ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்த பழைய பாதையும் போனது. அதற்குப் பிறகுதான் நேரியமங்கலம் வழியாகப் புதுச்சாலை. 1935இல் பெரியாற்றின் மேல் அங்கே கட்டிய வளைவுப் பாலம் இன்றும் வண்டிகளைத் தாங்கி நிற்கிறது. வெள்ளத்தில் அழிந்ததைப் பத்துப் பதினொரு வருடத்தில் வேறு வழியில் எழுப்பிவிட்டார்கள். மனது வைத்தால் இந்த மலையில் எதையும் செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பாலம் ஒன்று போதும்.

1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதை வாதாட இப்போது நான் வரவில்லை. ஆனால் இந்தச் சாலைக்கு நடுவில் மாநில எல்லை என்ற ஒரு கதவு நிலைத்துவிட்டது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்தபோது போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்ற மூன்று எல்லை வழிகளும் அடைபட்டன. தோட்டங்களிலிருந்து எங்கள் ஆட்கள் பயந்துபோய் இறங்கி வந்தார்கள். 2020 ஊரடங்கில் மறுபடியும் மெட்டு மூடப்பட்டது. செடியில் காய் பழுத்துக் கிடந்தது, எடுக்கும் கைகள் போடியில் முடங்கிக் கிடந்தன. கதவு மூடும்போதெல்லாம் முதலில் கூலி போவது யாருக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, சாலைக்கு வருகிறேன். மூணாறிலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தீர்கள். நல்ல வேலை, மனதார நன்றி சொல்கிறேன். அந்த வேலைக்கு நடுவில் 2019இலும் 2020இலும் தேவிகுளத்துக்கு அப்பால் கேப் ரோடு என்ற பகுதியில் மலையே சரிந்து, மாதக்கணக்கில் வழி அடைபட்டதையும் மறக்கவில்லை. பாறையைக் குடைந்து அகலப்படுத்தும்போது மலை என்ன கணக்குக் கேட்கும் என்று அப்போது பார்த்தோம். இப்போது வார விடுமுறையில் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. ஆனையிறங்கல் அணையைப் பார்க்க நிறுத்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள். வரட்டும், மலையடிவாரக் கடைக்காரர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் சாலையைப் பற்றிய பேச்சிலும் அறிவிப்பிலும் சுற்றுலாப் பயணி வருகிறார், சரக்கு வருகிறது, ஏலக்காய் ஏலம்கூட வருகிறது. தினமும் இந்தச் சாலையில் போய்வரும் பெண்கள் வருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அம்மாவின் ஒரு நாளைச் சொல்கிறேன். மூன்றரைக்கு எழுந்து சோறாக்கி, தூக்குச்சட்டியில் போட்டு, ஐந்து மணிக்குத் தெருமுனையில் நிற்பார். ட்ரிப் ஜீப் வரும். அது எத்தனை பேருக்கான வண்டி என்று எனக்குத் தெரியும், எத்தனை பேர் ஏறினார்கள் என்றும் தெரியும். உள்ளே ஒருத்தர் மடியில் ஒருத்தர், பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இன்னும் சிலர். அந்த ஓட்டுநரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு அடுத்த ட்ரிப்புக்கு அவர் இறங்கி வர வேண்டும், அதனால்தான் அந்த வேகம். வளைவில் ஜீப் திரும்பும்போது பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று அம்மா சொல்வார். வளைவு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். பதினேழு தடவை அப்படி.

ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூர் தூராக நகர்ந்து, பழுத்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சை எடுத்தால் திட்டு. மழையில் அட்டை ஏறும். சாயங்காலம் நிமிரும்போது இடுப்பு உடனே நிமிராது. அப்புறம் அதே ஜீப், அதே நெரிசல். அம்மாவின் முழங்கால் போனது தோட்டத்தில் மட்டும் இல்லை, மடக்கியபடி உட்கார்ந்து போன அந்த ஜீப்பிலும்தான்.

ஒரு ஐப்பசி மழையில், இறங்கும் வழியில் பாறை உருண்டு சாலை அடைபட்டது. மாலை நான்கு மணிக்கு நின்ற வண்டிகள் இரவு ஒன்பதுக்கு மேல்தான் நகர்ந்தன. ஜீப்பில் பதினான்கு பெண்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், முன்னும் பின்னும் லாரியும் காரும். ஒதுங்க இடம் இல்லை. ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட இருந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி மாதவிலக்கு நாளில் இருந்தாள். அம்மா மழைக்குத் தலையில் போடும் தன் கொங்காணிச் சாக்கைப் பிரித்து, இன்னும் மூன்று பேர் சேலையை விரித்துப் பிடித்து, ஜீப்புக்குப் பின்னால் அவளுக்கு ஒரு மறைப்பு செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா இதைச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார். இதில் யார்மேலும் வழக்கு இல்லை எனக்கு. மலை என்றால் பாறை உருளும். ஆனால் உருளும் என்று தெரிந்த சாலையில் மனிதர் காத்திருக்க ஓர் இடம் வேண்டும் இல்லையா?

ஆகவே கேட்கிறேன். முந்தலிலும், மலையின் நடுவில் வளைவு அகலமாக இருக்கும் ஏதாவது ஓரிடத்திலும், போடிமெட்டிலும் கூரையும் தண்ணீரும் வெளிச்சமும் உள்ள பெண்கள் கழிப்பறை வேண்டும். அது காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சாவி வரும் கழிப்பறை சுற்றுலாக்காரருக்கு ஆகும், எங்களுக்கு ஆகாது. தோட்ட வேலை தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி, விடியற்காலையில் பூப்பாறை வரை பேருந்துகள் ஓட வேண்டும். காய் எடுக்கும் மாதங்களில் மட்டுமாவது கூடுதலாக விடுங்கள். இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசினால்தான் இது நடக்கும் என்று தெரியும். பேசுங்கள். ஜீப்பைப் பிடித்து அபராதம் போடுவதால் மட்டும் கூட்டம் குறையாது. அபராதம் கட்டிய ஜீப் மறுநாள் அதை ஈடுகட்ட இன்னும் இரண்டு பேரை ஏற்றும்.

மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் அந்தச் செய்தி காலை நான்கு மணிக்கே போடிக்கு வந்துவிட வேண்டும். இப்போது முந்தல் வரை போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அன்றைய கூலி போவது ஒருபுறம், தூக்கமும் போகிறது.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு இதே நெடுஞ்சாலையில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். கேட்டதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு அந்த மலையில் வேலை செய்வது யார் என்பது கண்ணில் பட்டது. ஏலத்தோட்டத்துப் பெண்கள் அப்படி ஓரிடத்தில் கூட முடியாது. இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு வேறு தோட்டம், சங்கம் சேர நேரம் ஏது? அதனால்தான் அவர்களுக்காக நான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதத்தில், காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் ஒரு திங்கட்கிழமை, ஐந்து மணிக்கு முந்தல் சோதனைச்சாவடிக்கு வாருங்கள். ஊருக்கெல்லாம் முன்கூட்டி அறிவித்துவிட்டு வர வேண்டாம். ஒரு மணி நேரம் நின்று, மேலே போகும் ஜீப்புகளையும் அவற்றில் போகும் பெண்களையும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போய் உங்கள் அடுத்த திட்ட மதிப்பீட்டின் முதல் பக்கத்தில் வையுங்கள். வரும் நாளை எங்களுக்கு மட்டும் சொன்னால் நானும் அம்மாவும் வந்து உங்களோடு நிற்போம்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
போடிநாயக்கனூர்