ஹார்ட் டிஸ்க்கை மாற்றும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேனி பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை நடத்துகிறேன். கடைக் கோப்புகள் உள்ள கணினியில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. அதில் இரண்டு நெட்வொர்க் போர்ட்: ஒன்றில் மோடம், மற்றதில் கடைக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். போன மாதம் சுவிட்ச் கெட்டுப்போக, அந்தக் கேபிளைக் கழற்றி வைத்தேன். அன்றிலிருந்து கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி எழுந்திருக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சான்றிதழுக்கு வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

பார்க்க வந்த மெக்கானிக் ஹார்ட் டிஸ்க்கை மாற்றச் சொன்னார். மனசு ஒப்பவில்லை. அன்று இரவு 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். தொடக்கத்தில் எந்தச் சேவை எத்தனை நொடி எடுத்தது என்று அது வரிசையாகக் காட்டும். முதல் வரியிலேயே நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் 'வெயிட்-ஆன்லைன்' சேவை, 120 நொடி. மோடம் இணைப்பு நன்றாக இருந்தும், கேபிளே இல்லாத போர்ட்டுக்காகவும் அது காத்துக் கிடந்திருக்கிறது.

சரி, நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் நெட்பிளான் கோப்பில் அந்தப் போர்ட்டின் கீழ் 'ஆப்ஷனல்: ட்ரூ' (இந்தப் போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்) என்று ஒரு வரி சேர்த்து, அது நடைமுறைக்கு வர 'நெட்பிளான் அப்ளை' கட்டளை கொடுத்தேன். செலவு ஒரு பைசா இல்லை. (அந்த வரியில் டேப் வைக்காமல் ஸ்பேஸ்தான் வைக்க வேண்டும். நான் அதில் அரை மணி நேரம் தடுமாறினேன்.)

இதுபோன்ற பழுதுகளைத் தமிழில் விளக்க, உங்கள் நாளிதழ் வாரம் கால் பக்கமாவது ஒதுக்க வேண்டும். என்னைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் நிறைய பேர் வாசிக்கிறோம்.

— ஒரு வாசகர், தேனி மாவட்டம்