ஸ்டேர்லிங் கம்பனிகளின் கணக்கில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை ஆண்ட ஸ்டேர்லிங் கம்பனிகளை, அதாவது லண்டனில் பவுண் மூலதனத்தோடு பதிவான கம்பனிகளை, பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பங்கு மூலதனம், கம்பனிகளுக்காகக் கொழும்பிலிருந்து தோட்டங்களை நிர்வகித்த ஏஜன்சி ஹவுஸ், 1975இல் அரசுடைமை என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கட்டுரை முழுவதும் கொழும்பிலும் லண்டனிலுமே நிற்கிறது, மலைக்கு ஏறவில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடங்களில் 30 வருடம் படிப்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் தனித்தனித் துரைமார்தான் தோட்டம் போட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் கண்ட நோய் அவர்களைச் சாய்த்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. அடுத்து வந்த தேயிலை, கையில் கொஞ்சம் காசோடு வந்த ஒற்றை ஆள் நடத்தக்கூடிய பயிராக இல்லை. பறித்த கொழுந்தை அன்றைக்கே வாட்டப் போட வேண்டும், அதற்கு ஃபெக்டரி வேண்டும், ரோலர் வேண்டும், எஞ்சின் வேண்டும். அவ்வளவு பணம் லண்டனில் பங்கு விற்றுத் திரண்டது. கம்பனி மலைக்கு வந்த வழி இதுதான்.

ஆட்களின் வாழ்க்கையையும் அதே பயிர் மாற்றியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்தால் போதும், அப்புறம் ஊர் திரும்பலாம். கொழுந்து அப்படியல்ல, ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை, வருடம் முழுக்க எடுக்க வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக ஆள் தேவைப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் மூன்று தலைமுறை படுத்தெழும்பியது அதனால்தான்.

என்னிடம் ஒரு தகர வில்லை இருக்கிறது. என் பாட்டியின் அப்பா தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தபோது கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டது. தோட்டத்துக்கான எழுத்தும் எண்ணும் அதில் குத்தியிருக்கிறது, அவர் பெயர் இல்லை. 1900களின் தொடக்கத்தில் வந்த டின் டிக்கெட் முறை இது. வழிச்செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்படும். ஆள் எந்தத் தோட்டத்துக்கு என்பதை வில்லை சொல்லும். ஊரில் வாங்கிய முன்பணமோ, ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கணக்கில் கடனாக ஏறி நின்றது. தோட்டம் மாறவேண்டுமென்றால் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும், புதுத் தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் போகலாம். துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கங்காணிகளின் கொடுமை என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முன்பணம் தோட்டத்தின் வழியாகத்தான் வந்தது, ஆள் சேர்த்ததும் தோட்டத்துக்காகத்தான். தேயிலை விற்றாலும், உரம் வாங்கினாலும், கப்பலில் ஏற்றினாலும் கொழும்பு ஏஜன்சி ஹவுஸுக்குக் கமிஷன் இருந்தது. கட்டுரை கங்காணிக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு இந்தக் கமிஷனைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 வருடம், திருமணமாகாதவர் என்றால் 10 வருடம், தொடர்ந்து நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் யார் வேலைக்கு வந்தார், எத்தனை றாத்தல் எடுத்தார் என்று செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதிவைத்தது தோட்டம்தானே? அந்தப் புத்தகத்தைவிட நல்ல சாட்சி எது? என் தாத்தாவின் விண்ணப்பம் ஒரு வருடத்துக்குச் சான்று இல்லை என்று தள்ளுபடியானது. அந்த வருடத்துச் செக்ரோல் தோட்ட ஒபிசில் இருந்தது என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1972 காணிச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று வரம்பு வைத்தபோது கம்பனிகளைத் தொடவில்லை. 1975இல்தான் அவற்றின் நிலம், 4 லட்சம் ஏக்கருக்கும் மேல், அரசுக்கு வந்தது. நட்டஈடு அரசுக்கும் கம்பனிக்கும் இடையே பேசப்பட்டது. காட்டை வெட்டித் தேயிலையை நட்டவர்களின் பிள்ளைகளில் பலர் அப்போதும் நாடற்றவர்கள். அந்தப் பேச்சில் அவர்களுக்கு இடமே இல்லை. எனக்கு அப்போது 12 வயது. பெயர்ப்பலகைக்குப் புது வர்ணம் அடித்தார்கள். மறுநாளும் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்கு, தப்புப் பறை அடித்தது, அம்மா கூடையோடு போனார். 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளுக்குப் போனபோதும் லயம் அதே லயம்தான்.

பலகை மாறிய சில மாதத்தில் எங்கள் தோட்டத்து ஃபெக்டரிக்குப் பின்னால் பழைய புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். நீளமான தடித்த புத்தகங்கள், சிவப்பு முதுகு. ஓரம் கருகிய ஒரு தாளை நான் எடுத்து வந்தேன். அதில் ஒரு மாதம் முழுக்க ஆட்களின் பெயரும் அவர்கள் எடுத்த றாத்தலும் இருக்கின்றன. கம்பனிகளின் கடிதங்களைத் தேடினால் எங்கேயாவது கிடைக்கும், இந்தத் தாள்கள் போனால் போனதுதான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமென்று போட்டிருந்தீர்கள். அதற்கு முன் ஒரு அறிவிப்பு வெளியிட முடியுமா? டின் டிக்கெட், துண்டு, பழைய செக்ரோல் தாள், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி ஆகியவை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்கள் அவற்றைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். என்னிடமுள்ள வில்லையின் இரண்டு பக்கத்தையும், கருகிய அந்தத் தாளையும் படமெடுத்து இக்கடிதத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.